பதினேழா, பதினெட்டா?

போன வாரம் சின்னவளைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு நான் நழுவிவிட்டேன் என்று நிறையப் பேருக்குக் கோபம். "ஒரு வாரம் முழுக்க அந்தப் பெண்ணை நிற்க வைத்திருக்கிறீர்களே, கால் வலிக்காதா?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். வலிக்கும்தான். அதுவும் அவளுக்கு இடது கால். அன்றைக்கு வாசலில் சத்தம் போட்டது கேஸ்காரர்தான் என்பதைச் சொல்லி, இதோ உட்கார வைத்துவிட்டேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சின்னவள் ஒரே ஒரு கைப்பையோடு புருஷன் வீட்டை விட்டு வந்து அக்கா வீட்டில் ஒளிந்திருக்கிறாள். இன்றோடு பதினோராம் நாள். புருஷன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்கள் முன்னால் பேச்சில் தேன் சொட்டும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் தேள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் குடும்பம் வீடு மாறியபோது புது விலாசத்தை அவனுக்குச் சொல்லவில்லை. ஊர் தெரியும். எந்தத் தெரு, எந்தக் கதவு என்று தெரியாது. அவனுக்கு அது தெரியாத வரைக்கும்தான் சின்னவள் மூச்சு விட முடியும்.

வந்த முதல் ராத்திரி அவள் அக்காவிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "இந்தத் தடவை அவர் கையில அகப்பட்டா நான் திரும்பி வரமாட்டேன் அக்கா."

போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. அவர்களும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மூத்தவளின் கணவர் தரைக்கு ஓடு பதிக்கிற மேஸ்திரி. இடுப்பில் அளவு டேப்பும் பையில் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் இல்லாமல் மனிதர் வெளியே கிளம்பமாட்டார். சின்னவளின் கல்யாணத்தன்று மேடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் டேப்பை இழுத்து அளந்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "வாங்க மில்லிமீட்டர்!" என்றான். கூட்டமே சிரித்தது. இவருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. அன்று முதல் அவர் மில்லிமீட்டர்தான்.

இந்தக் கல்யாணக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தெருவுக்கு இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. 'தெருமுனை' என்று பெயர். எழுதுவதற்குத்தான் பெயர் பதிய வேண்டும், வாசிக்க யாருக்கும் தடையில்லை. தண்ணீர் வரவில்லை, பூனையைக் காணவில்லை, யாரோ வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள் என்று காலையில் ஆரம்பிப்பார்கள். மாலைக்குள் பூனையை விட்டுவிட்டு, பூனைக்கு நன்றி உண்டா இல்லையா என்பதில் வந்து நிற்பார்கள். அங்கே ஒருவர் 'இன்று செவ்வாய்க்கிழமை' என்று எழுதினால், 'எல்லாருக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது' என்று இன்னொருவர் கட்டாயம் எழுதுவார்.

இந்த வாரத்துச் சண்டையை ஆரம்பித்தவர் பால்கனி மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு மில்லிமீட்டரின் கட்டடத்திலேயே, மூன்றாம் மாடியில் அவருக்கு எதிர்க் கதவில் இருந்தார். முழங்கால் தேய்ந்ததும் அதே கட்டடத்தின் முதல் மாடிக்கு இறங்கிவிட்டார். இப்போது நாள் முழுக்கப் பால்கனி நாற்காலியும் கைபேசியும்தான்.

'இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பதினேழு படி. ஏறி ஏறி என் முழங்கால் போனது' என்று எழுதினார்.

'பதினெட்டு' என்று எழுதினார் மில்லிமீட்டர்.

அவ்வளவுதான். மூன்று நாளில் நூற்று நாற்பது பதில்கள். கடைசியில் கால் வைக்கிற இடம் படியா, தரையா? தரைதான் என்றார் மாமா. ஏறுகிற உயரம் இருந்தால் அது படிதான் என்றார் மில்லிமீட்டர். 'கைக்குழந்தையோடு ஏறுகிறேன், எனக்கு நாற்பது மாதிரி இருக்கிறது' என்றாள் ஒரு தாய். 'இறங்கும்போது எத்தனை?' என்று கேட்டார் பல் டாக்டர், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றே.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் மில்லிமீட்டர் சாக்பீஸும் டேப்புமாக வெளியே போனார். ஒவ்வொரு படிக்கும் எண் போட்டு, உயரத்தை அளந்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்து மன்றத்தில் ஏற்றினார். மொத்தம் பதினெட்டுப் படம். 'இதற்கு மேல் பேசுகிறவர்கள் பேசட்டும்' என்று ஒரு வரி. பெருமையாக விசில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பதினெட்டாவது படத்தில் அவர்களுடைய வாசல் தெரிந்தது.

மூத்தவள் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறாள். வருகிற லென்ஸுகளில் நடுப்புள்ளி குறித்து, ஓரம் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. புள்ளி ஒரு நூல் தள்ளினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அளவு விஷயத்தில் அவளும் புருஷனுக்குக் குறைந்தவள் இல்லை. அவள் அதை ஊருக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. மனிதர் இன்றைக்கு யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார், பார்ப்போம் என்று கைபேசியைத் திறந்தாள். சிரித்தபடியே வாசித்துக்கொண்டு வந்தாள்.

'மில்லிமீட்டர், ஏழாவது படியைக் கூட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கலாம்.'

'எட்டாவது படம் மங்கல். செல்லாது.'

பிறகு, இன்று பிற்பகல்தான் சேர்ந்த ஒருவர். பெயர் 'புது நண்பன்'.

'அருமையான விவாதம். எனக்கும் இதிலெல்லாம் ஆர்வம் உண்டு. ஒரு சந்தேகம். பதினெட்டாம் படத்தில் வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறதே, இடது செருப்பின் அடி மட்டும் தடிப்பாக இருக்கிறது. அது யாருடையது?'

மூத்தவளுக்குச் சிரிப்பு நின்றது.

பல் டாக்டர் பதில் எழுதியிருந்தார். 'அதுவா, அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறார். கொஞ்சம் சாய்த்து நடப்பார். ஒரு தடவை மொட்டை மாடியில் பார்த்தேன்.'

புது நண்பன்: 'மிக்க நன்றி. இது எந்தக் கட்டடம்?'

அதற்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை.

அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் மரத்திலிருந்து விழுந்து சின்னவளுக்கு இடது கால் முறிந்தது. கூடும்போது குட்டையாகக் கூடிவிட்டது. கடையில் ஒருவர் அரை அங்குலம் ஒட்டிக் கொடுப்பார், இன்னொருவர் ஒரு அங்குலம் ஒட்டிக் கொடுப்பார். எதைப் போட்டாலும் இடுப்பு வலிக்கும். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் அத்தான்தான் அவளை மட்டமான தரையில் நிறுத்தி, இடுப்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "பதினாறு மில்லி" என்றார். ரப்பர் அட்டை வெட்டி அவர் கையாலேயே ஒட்டிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவள் வலியில்லாமல் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தாள். வந்து அழுதாள். அது போடாமல் அவளால் பத்தடி வேகமாகப் போக முடியாது.

மூத்தவள் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பான எண்ணுக்குப் போயிற்று.

"என்னங்க, காலையில போட்ட படம்..."

"பார்த்தியா? ஒருத்தனாலயும் வாயைத் திறக்க முடியல. ஒவ்வொரு படியும் நூத்தி எழுபத்தஞ்சு மில்லி. பதினொண்ணாவது மட்டும்..."

"அளவு கெடக்கட்டும்ங்க! பதினெட்டாவது படத்துல அவ செருப்பு இருக்கு."

மறுமுனையில் ஓடு வெட்டுகிற மெஷின் ஓய்ந்தது.

"இருந்தா என்ன? நம்ம தெரு ஆளுங்கதானே பார்ப்பாங்க" என்றார். ஆனால் குரலில் பாதிதான் இருந்தது.

அவள் புது நண்பன் எழுதியதை வாசித்துக் காட்டினாள். அவர் வெட்டிய ஓட்டைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"என் பேரைப் போட்டுத் தேடியிருப்பான். மில்லிமீட்டர்னு உலகத்துல வேற எவன் பேரு வச்சிருக்கான்? அவன் வச்ச பேருதானே அது."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் அவன் வைத்த பெயரையே வாசலில் பலகையாக மாட்டி வைத்திருந்தார். மூத்தவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு நேரமில்லை.

"படத்தை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா இதுதான்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும். அவன் பார்த்தது பார்த்ததுதான். கேளுங்க, அந்தப் படம் நம்ம கட்டடமே இல்லன்னு எழுதுங்க. எங்கயோ வேலை பார்க்கிற இடத்துல எடுத்ததுன்னு எழுதுங்க."

"பொய்யா படம் போட்டேன்னு எழுதச் சொல்றியா?"

"தோத்துட்டேன்னு எழுதுங்க. மாமா சொன்னதுதான் சரி, பதினேழுதான்னு எழுதுங்க."

பதின்மூன்று வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் ஒரு முறைகூடத் தோற்றேன் என்று சொன்னதில்லை. மலையே சாய்ந்தாலும் சாய்கிற ஆள் இல்லை. அவள் வாதாடத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எழுதறேன்" என்றார். "நான் உடனே கிளம்பறேன். இங்கேர்ந்து ரெண்டரை மணி நேரமாகும். நீ போ."

ஒரு பேச்சு எதிர்த்துப் பேசாமல் அவர் ஒப்புக்கொண்டதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். "ஆள் வந்துட்டாரா?" என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றாள். "வந்ததும் சொல்லுங்க, வண்டி அனுப்பறோம்" என்றார்கள். வந்த பிறகு சொல்வதற்கு ஆள் இருக்க வேண்டுமே என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது.

அடுத்து வீட்டுக்கு.

"சின்னு, உள்தாழ்ப்பாள் போட்டிருக்கியா? போட்டுக்கோ. என் குரல் கேட்டாத்தான் திறக்கணும். யார் என்ன சொன்னாலும் திறக்காதே."

"என்னாச்சு அக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா நீ இந்தக் குரல்ல சொல்லமாட்டே" என்றாள் சின்னவள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் போனிலேயே கேட்டது.

மேஜையில் பாதி வேலையில் ஒரு கண்ணாடி கிடந்தது. வலது கண்ணுக்கு உரியதை இடது பக்கத்தில் பொருத்தியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். அப்படியே போட்டுவிட்டு, முதலாளியிடம் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே மன்றத்தைப் பார்த்தபடி வந்தாள். மில்லிமீட்டர் எழுதிவிட்டிருந்தார்.

'அனைவரும் மன்னிக்கவும். நான் போட்ட படங்கள் நம் கட்டடத்தில் எடுத்தவை அல்ல. ஊருக்கு வெளியே நான் வேலை பார்க்கும் இடத்தில் எடுத்தவை. பால்கனி மாமா சொன்னது சரி. பதினேழு படிதான். நான் தோற்றேன்.'

மூன்று நிமிஷம் மன்றத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. தெருமுனை ஆரம்பித்த நாளிலிருந்து பகலில் அப்படி ஒரு அமைதி வந்ததே கிடையாது. 'அப்பா, தப்பித்தோம்' என்று மூத்தவள் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

கைபேசி துள்ளியது. பால்கனி மாமா.

'இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஏழாவது படியில் மூலை உடைந்திருப்பதைப் படத்தில் பாருங்கள். அதை உடைத்தது என் பீரோ. வீடு மாறும்போது நான் பக்கத்தில் நின்றேன். இது நம் மூன்றாம் கட்டடம்தான், மூன்றாம் மாடி, ஏறியதும் இடது பக்கக் கதவு. மூன்று வருஷமாக இந்த மனிதரோடு சண்டை போடுகிறேன். பிடிவாதக்காரர்தான், ஆனால் அரை மில்லிமீட்டர்கூடப் பொய் சொன்னதில்லை. யாரோ அவரை மிரட்டி இப்படி எழுத வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்படிப்பட்ட வெற்றி வேண்டாம்.'

அதற்குக் கீழே வரிசையாக, 'ஆமாம், மூன்றாம் கட்டடம்தான்', 'நானும் பார்த்திருக்கிறேன்', 'இடது கதவு, பச்சை மிதியடி'. ஜென்மத்தில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத கூட்டம் இன்றைக்குப் பார்த்து ஒரே குரலில் பாடியது.

நல்லவர் செய்கிற நல்லதைப் போல ஆபத்து வேறில்லை. மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவருடைய எண் இவளிடம் கிடையாது. மூன்று வருஷம் தினமும் சண்டை போட்டார்கள், யாரும் யாருடைய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

புது நண்பன் எழுதினான். 'மிக்க நன்றி, மாமா. உங்களைப் போன்ற பெரியவர்கள் இருப்பதால்தான் உண்மை நிற்கிறது. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.'

அதன் பிறகு அந்த விவாத இழையில் மாமாவும் எழுதவில்லை, அவனும் எழுதவில்லை.

மூத்தவள் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியே வந்தாள். கட்டடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பால்கனியில் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலி காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். கதவைத் தட்டி, "நான்தான்டி, திற" என்றாள். திறந்ததும் உள்ளே பாய்ந்து, தாழ்ப்பாள், கொண்டி, சங்கிலி எல்லாவற்றையும் போட்டாள். முதுகைக் கதவில் வைத்துச் சாய்ந்தாள்.

சின்னவள் கையில் சமையலறை இடுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெறுங்கால். இடது குதிகால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"கண்டுபிடிச்சுட்டாரா?"

"தெரியல. கண்டுபிடிச்சிருக்கலாம்."

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கதவைப் பார்த்தாள்.

"அக்கா... என் செருப்பு வெளியதான் இருக்கு. நீ திறக்காதேன்னு சொன்னியா, நான் எடுக்கவே இல்ல."

மூத்தவள் உள்ளே வரும்போது அதைத் தாண்டித்தான் வந்திருந்தாள். பயத்தில் கண்ணில் படவில்லை. திரும்பித் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அப்போது கீழே காலடி கேட்டது.

இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒன்று கனமான காலடி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. இன்னொன்று இலேசானது, அவசரமில்லாதது. அக்காவும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தங்களை அறியாமலே எண்ணினார்கள். ஆறு. ஏழு. ஏழில் கொஞ்சம் நின்று, யாரோ எதையோ காட்டினார்கள். பதினைந்து. பதினாறு. பதினேழு.

அங்கே நின்றது.

"பதினேழு!" என்று மூச்சு வாங்கியபடி ஒரு குரல். பால்கனி மாமா. "பார்த்தீங்களா தம்பி? இதுக்கு மேல இருக்கறது தரை. ஆனா அந்த மனுஷன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு..."

கதவு தட்டப்பட்டது.

"மில்லிமீட்டர்! நான்தான். கொஞ்சம் திறங்க. நீங்க தோத்துட்டேன்னு எழுதினதைப் பார்த்து எனக்கு மனசே சரியில்ல. முழங்கால் போனா போவுதுன்னு நேர்லயே வந்துட்டேன்."

மூத்தவள் கதவுக் கண்ணில் கண்ணை வைத்தாள். மாமாவின் வியர்த்த முகம் பெரிதாகத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில், கண்ணுக்குள் அகப்படாமல் ஒதுங்கி, ஒரு சட்டைக் கையும் கறுப்புத் தோல்பையின் ஓரமும் மட்டும் தெரிந்தன.

"அவர் இன்னும் வேலையிலேர்ந்து வரல மாமா" என்றாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "அப்புறமா வாங்க. கூட யாரு?"

"சாட்சிக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்மா. நம்ம மன்றத்துல புதுசா சேர்ந்தவர். ரொம்ப மரியாதையான பிள்ளை. என் முழங்காலைப் பார்த்துட்டு, பையிலேர்ந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார்னா பாரேன். சாம்பிளாம், சும்மாவே கொடுத்தார்."

சின்னவளின் கையிலிருந்து இடுக்கி நழுவியது. மூத்தவள் அதைத் தரையில் விழும் முன் பிடித்தாள்.

"மேடம்" என்றது இன்னொரு குரல், இழைத்து இழைத்து. "படிக் கணக்குதான். ஒரு நிமிஷம் திறந்தீங்கன்னா முடிஞ்சுபோயிடும்."

சின்னவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இனி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

மாமாவிடம் கத்திச் சொல்லலாம். எழுபது வயது, இரண்டு தேய்ந்த முழங்கால், பக்கத்தில் அவன். மாடிப்படியின் விளிம்பு. மூத்தவள் அதை நினைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள். தன் கைபேசியைத் தங்கையிடம் கொடுக்கப் போனவள், அதற்குப் பதில் தங்கையின் கைபேசியை எடுத்து அவள் மடியில் வைத்து, போலீஸ் எண்ணைக் காட்டினாள். பேசாதே, வந்துட்டான்னு மட்டும் சொல் என்று வாயசைத்தாள்.

பிறகு தெருமுனையைத் திறந்தாள்.

'காப்பாற்றுங்கள்' என்று அங்கே எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எதற்கு, ஏன், ஆதாரம் உண்டா என்று நாற்பது பேர் கேட்பார்கள். உதவிக்குக் கூப்பிட்டால் யோசிக்கிற கூட்டம், சண்டைக்குக் கூப்பிட்டால் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வரும். மூன்று வருஷமாக ஒரு வார்த்தைகூட எழுதாமல் வாசிக்க மட்டும் செய்தவள், முதல் முறையாக எழுதினாள்.

'பால்கனி மாமா இப்போது எங்கள் வாசலில் நின்று பதினேழுதான் என்று முடிவு சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி, பதினெட்டு என்கிறவர்களுக்கு எண்ணத் தெரியாது. ஆட்சேபணை உள்ளவர்கள் ஐந்து நிமிஷத்துக்குள் நேரில் வந்து எண்ணவும். வராதவர்கள் இனி வாயைத் திறக்கக்கூடாது. இப்படிக்கு, மில்லிமீட்டரின் மனைவி.'

அனுப்பிவிட்டுக் காதைக் கதவில் வைத்தாள்.

வெளியே அவன் மாமாவிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். கதவுக் கைப்பிடி ஒரு முறை கீழே இறங்கி, மெல்ல மேலே ஏறியது. சின்னவள் போனில், "வந்துட்டான்... உள்ளே வரப் பார்க்கிறான்" என்று காற்றாகச் சொன்னாள்.

கைப்பிடி மறுபடி இறங்கியது.

கீழே எங்கோ ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. "எண்ணத் தெரியாதா? யாருக்கு எண்ணத் தெரியாது?" என்று பல் டாக்டரின் குரல் இரண்டாம் மாடியில் முழங்கியது. குழந்தை அழுகை ஒன்று ஏறி வந்தது. எதிர்க் கட்டடத்திலிருந்து நாலு பேர் தடதடவென்று வந்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரு கூட்டம் ஏறியது, "தப்பு, முதல் படியை விட்டுட்டீங்க, திரும்பிப் போங்க" என்று இன்னொரு கூட்டம் அவர்களைத் தடுத்தது. மாடிப்படி முழுக்க மனிதர்கள். இவ்வளவு இரைச்சல் இவ்வளவு இனிமையாக அவள் காதில் விழுந்ததே இல்லை. மூத்தவள் கதவில் சாய்ந்தபடியே அழுதாள்.

பத்து நிமிஷம் பொறுத்து, பல் டாக்டரின் குரலும் குழந்தைத் தாயின் குரலும் மாமாவின் குரலும் வாசலிலேயே கேட்ட பிறகு, சங்கிலியைப் போட்டபடியே கதவைக் கொஞ்சம் திறந்தாள்.

"மாமா, உங்ககூட வந்தவர் எங்கே?"

மாமா இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "இங்கதானேம்மா நின்னார். இவ்வளவு நேரம் என் தோள்மேல கை போட்டுக்கிட்டு நின்னாரே. கூட்டம் வந்ததும்... நெரிசல்ல இறங்கிட்டார் போல."

அப்போதுதான் மூத்தவள் அவரிடம் அந்தப் பிள்ளை யார் என்று சொன்னாள். இரண்டே வாக்கியம். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார், கீழே போட்டார். "நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேனே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரும் பதினேழு, பதினெட்டு என்று பேசவில்லை.

பச்சை மிதியடியின் மேல் சின்னவளின் வலது செருப்பு கிடந்தது. இடது செருப்பு இல்லை.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் தேடினார்கள். யாருடைய காலாவது பட்டு உருண்டிருக்கும் என்றார்கள். சின்னவள் உள்ளே சுவரோரம் உட்கார்ந்தபடியே, "தேடாதீங்க" என்றாள். "அவன் எடுத்துட்டுப் போயிட்டான்."

ஐந்தரை மணிக்குப் போலீஸ் வந்து மாத்திரை அட்டையை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனது. தெரு முழுக்கத் தேடியும் ஆள் அகப்படவில்லை. ஆறு மணிக்கு மில்லிமீட்டர் வந்தார், சிமெண்டுக் கையோடு. படியில் உட்கார்ந்திருந்த மாமாவைத் தாண்டி வந்தார். மாமா எழுந்திருக்கப் பார்த்தார். இவர் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டார். மைத்துனிக்கு முன்னால் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ரப்பர் அட்டையும் கத்தரியும் எடுத்தார்.

"காலைக் காட்டு பாப்பா."

"அளக்க வேணாமா அத்தான்?"

"பதினாறு மில்லி" என்றார். "அது எனக்கு மறக்குமா?"

வெட்டும்போது அவர் கண்ணீர் ரப்பர்மேல் விழுந்தது. துடைத்துவிட்டு வெட்டினார். "நான்தான் படம் போட்டேன். ஜெயிக்கணும்னு போட்டேன்" என்று முணுமுணுத்தார். மூத்தவள் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. இரண்டு கையிலும் பசை. "யாருன்னு பாரு" என்றார்.

மூத்தவள் எடுத்துப் பார்த்தாள். தெருமுனை. அந்தப் படிக்கட்டு இழையில் ஒரே ஒரு புதிய பதில், கூடவே ஒரு படம். ஓடுகிற வண்டியின் இருக்கையில் இடது செருப்பு. அதன் தடித்த அடியின் ஓரமாக ஒரு அளவுகோல்.

மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒருவன் அவர் சொன்ன அளவை அப்படியே ஒப்புக்கொண்டிருந்தான்.

'மில்லிமீட்டர் சொன்னதுதான் சரி. பதினெட்டுப் படி. நானே ஏறி எண்ணிவிட்டேன்.'